ஆறாந் திங்களின் முதற் கவளம்

மன்னர்கள் முடிசூடிய நாள்களையும் படையெடுத்த ஆண்டுகளையும் குறித்து வைத்த வரலாறு, அடுப்பங்கரையில் நிகழ்ந்தவற்றை அத்துணைக் கருத்தோடு குறித்து வைக்கவில்லை. குழந்தைகள் எவ்வாறு உண்டு வளர்ந்தனர் என்பதைப் பழங்காலக் கல்வெட்டுகளில் தேடுவது வீண் முயற்சி. ஆயினும், பாலன்றி வேறொன்றும் அறியாத குழவியின் வாயில் முதன்முதலாகச் சோறு வைக்கப்படும் நாள் மட்டும் இதற்கு விலக்காக அமைந்தது. சடங்கு நூலார் அதற்கு நாள் குறித்தனர். மருத்துவ நூலார் உணவு வகுத்தனர். புலவர்கள் அக்காட்சியைப் பாடினர். இருபதாம் நூற்றாண்டில் வணிகர்களும் அறிவியலாரும் உலகப் பேரவைகளும் அந்த நாளைப் பற்றி வாதிட்டனர். ஒரு கவளச் சோற்றுக்கு இத்துணை நீண்ட வரலாறு இருப்பது வியப்புக்குரியது.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இது வெறும் பழங்கதையன்று. பிறந்த ஊரில் பிள்ளை வளர்க்கும் தாய்க்குப் பாட்டியும் அத்தையும் அண்டை வீட்டு மூதாட்டியும் துணை நிற்பர். வேற்றூரில் ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, அலுவலகம் சென்றுவிட்ட கணவன், தொலைவில் இருக்கும் தாய் என்னும் நிலையில் மூன்று கேள்விகள் அவள் முன் நிற்கின்றன. எப்போது ஊட்டுவது? எதை ஊட்டுவது? எவ்வளவு ஊட்டுவது? இம்மூன்று கேள்விகளுக்கும் காலந்தோறும் தரப்பட்ட விடைகளை ஒருங்கே வைத்து நோக்குவோம்.

சூத்திரங்கள் குறித்த நாள்

வடமொழியில் கிருஹ்ய சூத்திரங்கள் என வழங்கும் நூல்கள், பிறப்பு முதல் இறப்பு வரை இல்லத்தில் நிகழும் சடங்குகளைத் தொகுத்துரைப்பவை. கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளில் தோன்றியவை அவை என்பது அறிஞர் கருத்து. ஆசுவலாயனர், ஆபஸ்தம்பர், பாரஸ்கரர், சாங்காயனர் ஆகியோர் பெயரால் வழங்கும் சூத்திரங்கள் பலவற்றில் தம்முள் வேறுபடுகின்றன. ஆனால் அன்னப்பிராசனம் என்னும் சோறூட்டும் சடங்கிற்கு அவை அனைத்தும் ஆறாம் மாதத்தையே குறிக்கின்றன.

உணவைப் பற்றி அந்நூல்கள் கூறுவன இன்று படிப்போர்க்கு வியப்பூட்டும். குழந்தைக்கு உணவு வளம் பெருக வேண்டுமாயின் ஆட்டிறைச்சி, வேத ஒளி பெற வேண்டுமாயின் கவுதாரி இறைச்சி, பொலிவு பெற வேண்டுமாயின் நெய்ச்சோறு என்று ஆசுவலாயனம் பகுத்துரைக்கிறது. பின்னர்த் தயிரும் தேனும் நெய்யும் கலந்த சோற்றை ஊட்டச் சொல்கிறது. விரைவும் சுறுசுறுப்பும் வேண்டுவோர் மீனை ஊட்டலாம் என்கின்றன பாரஸ்கரமும் சாங்காயனமும். ஆபஸ்தம்பமோ தயிர், தேன், நெய், சோறு என நிறுத்தி, கவுதாரி இறைச்சி என்பாரும் உளர் எனக் குறித்துச் செல்கிறது. காலப்போக்கில் ஊனும் மீனும் சடங்கினின்றும் பெரும்பாலும் நீங்கின. நெய்ச்சோறும் பாயசமும் நிலைத்தன.

இரண்டு செய்திகள் இங்கே கருதத்தக்கன. பெண் குழந்தைக்கு இச்சடங்கை மந்திரமின்றிச் செய்க என்கிறது ஆசுவலாயனம். முதற் கவளத்திலேயே மகனுக்கும் மகளுக்கும் இடையே ஒரு கோடு கிழிக்கப்பட்டுவிட்டது. மற்றொன்று மனு நூலில் உள்ளது. ஆறாம் மாதத்தில் சோறூட்டுக எனக் கூறிய அதே அடியில், அல்லது குல வழக்கப்படி மங்கலமான காலத்தில் செய்க என்னும் மாற்றும் அங்கே தரப்படுகிறது. அறிவுரையாக வந்த மாதம், வழக்கத்திற்கும் நாள் பார்த்தலுக்கும் இடங்கொடுத்த வரலாறு இங்கே தொடங்குகிறது எனலாம்.

மருத்துவ நூலார் கூற்று

சடங்கு நூலார் நாளையும் பயனையும் சொன்னார்கள். மருத்துவ நூலார் குழந்தையின் வயிற்றை நோக்கினார்கள். ஆறு மாதம் நிரம்பிய குழவிக்கு இலேசானதும் நன்மை பயப்பதுமான உணவை ஊட்டுக என்பது சுசுருத சங்கிதையின் அறிவுரை. எளிதில் செரிக்க வேண்டும், உடலுக்கும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்னும் இரண்டு அளவுகோல்கள் அதில் அடங்கிவிட்டன.

குழந்தை மருத்துவத்திற்கென்றே அமைந்த காசியப சங்கிதை வேறோர் ஒழுங்கைக் கூறும். நேபாளத்தில் கிடைத்த ஏட்டுச் சுவடியினின்று 1938-இல் அச்சேறிய நூல் அது. ஆறாம் மாதத்தில் பழங்களை ஊட்டத் தொடங்கலாம் என்றும், பல் முளைத்த பின்னரோ பத்தாம் மாதத்திலோ சோறூட்டலாம் என்றும் அந்நூல் உரைக்கிறது. பாலிலிருந்து சோற்றுக்கு ஒரே தாவலாகச் செல்லாமல் படிப்படியாகச் செல்ல வேண்டும் என்ற கருத்து இதில் உள்ளது. தானிய உணவைப் பத்தாம் மாதம் வரை தள்ளிவைப்பதை இக்கால மருத்துவம் ஏற்பதில்லை. படிப்படியாகச் செல்லும் முறையை ஏற்கிறது.

வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம், பால் மறக்கும் குழந்தைக்கென ஓர் உருண்டையைக் குறிப்பிடுகிறது. சாரப்பருப்பு, அதிமதுரம், தேன், நெற்பொரி, கற்கண்டு ஆகியவற்றைச் சேர்த்துப் பிடிப்பது அவ்வுருண்டை. நெல்லைப் பொரித்தால் அது எளிதில் மாவாகும், எளிதில் செரிக்கும், ஈரமின்மையால் விரைவில் கெடாது. நம் பாட்டிமார் அரிசியையும் பயறையும் வறுத்து அரைத்து வைத்த முறைக்கும் அந்த நெற்பொரிக்கும் உள்ள உறவு தெளிவு.

தேனைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் தரலாகாது என்பது இன்றைய மருத்துவத்தின் உறுதியான முடிவு. தேனில் தங்கியிருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். இந்நோய் குழந்தைகளிடம் 1976-இல்தான் அமெரிக்காவில் இனங்காணப்பட்டது. முன்னோர் சொன்ன மாதத்தைப் போற்றும் நாம், அவர்கள் சொன்ன தேனை விலக்குவதில் தயங்க வேண்டியதில்லை.

தமிழ்ப் புலவர் கண்ட காட்சி

தமிழில் சோறூட்டலுக்கு நாள் குறிக்கும் நூலைவிட, உண்ணும் குழந்தையை உற்றுநோக்கும் செய்யுளே நம் நெஞ்சில் நிற்கிறது. பாண்டிய மன்னன் அறிவுடைநம்பி பாடிய புறநானூற்று 188-ஆம் பாட்டில், குறுகுறுவென நடந்து வரும் சிறுபிள்ளை நெய்யிட்ட சோற்றில் கையை விட்டுத் துழாவுகிறது, வாயில் கவ்வுகிறது, தன் மேனியெல்லாம் சிதறிக்கொள்கிறது. பலரோடு அமர்ந்துண்ணும் பெருஞ்செல்வரே ஆயினும், இவ்வாறு மயக்கும் மக்களைப் பெறாதவர்க்கு வாழ்நாளில் பயனில்லை என்கிறான் மன்னன்.

வள்ளுவரும் மக்கட்பேறு அதிகாரத்தில் இதே காட்சியைக் காண்கிறார். ஆனால் அவர் கிண்ணத்தில் இருப்பது நெய்ச்சோறன்று, கூழ். தம் பிள்ளையின் சின்னஞ்சிறு கை பட்டுக் கலங்கிய கூழ் அமுதத்தினும் மிக இனிது என்பது அவர் கருத்து. அரண்மனைச் சோற்றிலும் குடிசைக் கூழிலும் பெற்றோர் பெறும் இன்பம் ஒன்றே என்பதை இவ்விரு பாடல்களையும் அடுத்தடுத்துப் படிப்போர் உணர்வர்.

போதனார் பாடிய நற்றிணை 110-ஆம் பாட்டு மூன்றாவது காட்சியைத் தருகிறது. தேன் கலந்த பாலைப் பொற்கிண்ணத்தில் ஏந்திச் செவிலியர் சிறுமியின் பின்னே ஓடுகின்றனர். கையில் சிறு கோலும் உண்டு. சிறுமியோ பந்தலைச் சுற்றி ஓடி அவர்களைக் களைக்க வைக்கிறாள். பின்னாளில் அவளே கணவனின் வறுமையுற்ற இல்லத்தில், தந்தை வீட்டுக் கொழுஞ்சோற்றை நினையாமல், ஒருவேளை விட்டு ஒருவேளை உண்டு வாழ்கிறாள். கிண்ணமும் கையுமாகப் பிள்ளையின் பின்னே ஓடும் தாயின் பாடு ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இம்மூன்று பாட்டிலும் சடங்கு இல்லை. அன்றாடம் உண்ணும் காட்சியே உண்டு. முதல் நாளைவிட அடுத்து வரும் நாள்களே பெரியவை என்பதைச் சான்றோர் உணர்ந்திருந்தனர் போலும்.

ஒரே கவளம், பல பெயர்கள்

நாம் குடியேறிய ஊர்களிலும் இவ்விழா நமக்கு அந்நியமானதன்று. வங்காளத்தில் இதற்கு முகே பாத் என்று பெயர். வாயில் சோறு என்பது பொருள். ஆண் குழந்தைக்கு ஆறு, எட்டு போன்ற இரட்டைப்படை மாதத்திலும், பெண் குழந்தைக்கு ஐந்து, ஏழு போன்ற ஒற்றைப்படை மாதத்திலும் செய்வது அங்கு வழக்கம். முதற் கவளத்தை ஊட்டும் உரிமை தாய்மாமனுடையது. பின்னர் ஒரு தட்டில் மண், நூல், எழுதுகோல், பணம் ஆகியவற்றை வைத்துக் குழந்தை எதைத் தொடுகிறது என்று பார்ப்பர். நேபாளத்தில் இதுவே பாஸ்னி. கேரளத்தில் சோறூண் என்பர். குருவாயூர்க் கோயிலில் இதற்கெனவே நாள்தோறும் குடும்பங்கள் கூடுகின்றன. ஆந்திரத்திலும் கன்னட நாட்டிலும் அன்னப்பிராசனம் என்ற பெயரே வழங்கும். நம் பக்கத்தில் சோறூட்டு எனக் குலதெய்வக் கோயிலிலோ முருகன் கோயிலிலோ செய்வோர் பலர்.

குடிபெயர்ந்தோர் வாழ்வில் இவ்விழா எவ்வாறு மாறுகிறது என்பதை ஜும்பா லாஹிரி 2003-இல் வெளியிட்ட ‘தி நேம்சேக்’ என்னும் ஆங்கில நாவலில் காணலாம். அமெரிக்காவில் வாழும் வங்காளித் தம்பதியர் தம் மகனுக்குச் சோறூட்டு நிகழ்த்துகின்றனர். தாய்மாமன் கொல்கத்தாவில் இருப்பதால் நண்பர் ஒருவர் மாமன் இடத்தில் அமர்ந்து ஊட்டுகிறார். உறவு அருகில் இல்லாதபோது நட்பு அவ்விடத்தை நிரப்பிக்கொள்கிறது. சங்கங்கள் அமைத்து வாழும் நமக்கு இது நன்கு விளங்கும்.

டப்பா வந்த காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் குழந்தை உணவு அடுப்பங்கரையை விட்டுத் தொழிற்சாலைக்குச் சென்றது. ஜெர்மானிய வேதியியல் அறிஞர் யூஸ்டஸ் ஃபான் லீபிக் 1865-இல் கோதுமை மாவு, முளைமாவு, பசும்பால் ஆகியவற்றைக் கொண்டு தாய்ப்பாலுக்கு ஈடான உணவொன்றைச் செய்ததாக அறிவித்தார். சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் ஹென்றி நெஸ்லே 1867-இல் பாலும் கோதுமை ரொட்டி மாவும் சர்க்கரையும் கலந்த பால்மாவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நியூசிலாந்தில் தொடங்கிய கிளாக்ஸோ பால்மாவு 1920-களில் இந்திய நகரங்களில் வேரூன்றியது. விடுதலைக்குப் பின்னர், எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறையை மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் கண்டறிந்தது. குஜராத்தின் கைரா மாவட்டப் பாலுற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் அதனை அமுல் என்னும் பெயரால் பரப்பியது. கொழுகொழுவென்ற பிள்ளையை ‘அமுல் பேபி’ என்று தமிழர் அழைக்கத் தொடங்கியது அதன் விளைவே.

தாயை இழந்த குழந்தைக்கும் பால் கிட்டாத குழந்தைக்கும் இப்பால்மாவு உயிர் காத்தது என்பதை மறுத்தல் நன்றன்று. ஆனால் டப்பாவின் மேலிருந்த கொழுத்த குழந்தையின் படம், நலமாக உண்ணும் பிள்ளையையும் ஐயுறச் செய்தது. பிள்ளைக்குப் பால் போதவில்லையோ என்னும் அச்சமே பல வீடுகளில் டப்பாவை வாங்க வைத்தது. உறவினர் துணையற்ற நகர வீட்டில் அவ்வச்சம் இன்னும் எளிதாகப் புகுந்தது. பாட்டி சொல்ல வேண்டியதை டப்பாவின் முதுகில் அச்சிட்ட அட்டவணை சொல்லத் தொடங்கிற்று.

முன்னும் பின்னும் நகர்ந்த மாதம்

தொழிற்சாலை உணவு பெருகியதோடு, ஊட்டத் தொடங்கும் மாதமும் நிலைகுலைந்தது. 1920-க்கு முன்னர் அமெரிக்க மருத்துவர்கள் ஓராண்டு நிரம்பும் வரை குழந்தைக்குத் திட உணவு தருவதை அரிதாகவே பரிந்துரைத்தனர். 1928-இல் மிச்சிகன் மாநிலத்தின் ஃப்ரீமாண்ட் ஊரில் கெர்பர் குடும்பத்தார் காய்கறிக் கூழை டப்பாவில் அடைத்து விற்கத் தொடங்கினர். அதன்பின் மாதம் விரைந்து குறைந்தது. மயாமி நகர மருத்துவர் வால்ட்டர் சாக்கெட் 1953-இல் வெளியிட்ட கட்டுரையில், பிறந்த இரண்டு மூன்று நாள்களிலேயே தானியக் கூழ் ஊட்டலாம் என்று எழுதினார். அவ்வளவு தொலைவு செல்லாதவர்களும் மூன்று மாதம் நிரம்புமுன்னரே ஊட்டினர்.

இதனை நவநாகரிகம் எனக் கருதி நம் நகரத்தார் பலர் பின்பற்றினர். அதே காலத்தில் நம் கிராமங்களில் நிலைமை நேர் எதிராக இருந்தது. ஓராண்டு கடந்தும் தாய்ப்பாலையே பெரிதும் நம்பிய குழந்தைகள் அங்கே இருந்தனர். பஞ்சாபின் கன்னா வட்டாரக் கிராமங்களில் 1950-களில் நடந்த ஆய்வு, தாய்ப்பாலோடு பிற உணவு சேரும் பருவத்தில் வயிற்றுப்போக்கும் மெலிவும் கைகோத்து வந்து குழந்தைகளைக் கொண்டுபோவதை வெளிப்படுத்தியது. தூய்மையற்ற நீரும் பாத்திரமும் ஒரு புறம். போதாத உணவு மறுபுறம். நோயால் உணவு குறைய, உணவு குறைந்ததால் நோய் மிகுந்தது.

குன்னூரும் கொட்டாம்பட்டியும்

போதாத உணவு என்றால் எது போதவில்லை என்ற கேள்வி எழுந்தது. 1933-இல் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், இன்று கானா எனப்படும் கோல்டு கோஸ்ட்டில் கண்ட ஒரு நோயை விளக்கினார். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பாலை இழந்து, சோளக் கஞ்சியை மட்டும் உண்ட முன்பிள்ளைக்கு வரும் நோய் அது; உடல் வீங்கும், தோல் உரியும். அம்மக்கள் அதற்கு இட்ட குவாஷியார்கர் என்னும் பெயரையே அவரும் வழங்கினார். புரதக் குறையே காரணம் என்னும் கருத்து இதனால் உலகெங்கும் பரவியது. புரதப் பொடிகளை உருவாக்கி ஏழை நாடுகளுக்கு அனுப்பும் திட்டங்கள் தோன்றின.

இக்கருத்தை அசைத்தவர்களுள் முதன்மையானவர் சேலத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் சி. கோபாலன். குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்திலும், அது ஹைதராபாத்திற்கு மாறியபின் அங்கும் அவர் பணியாற்றினார். அக்கூடமே 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என வழங்குகிறது. வீங்கிய குழந்தையும் எலும்பும் தோலுமாய் வற்றிய குழந்தையும் உண்டது ஏறத்தாழ ஒரேவகை உணவே என அவர் காட்டினார். அடிப்படைக் குறை உணவின் மொத்த அளவில் உள்ளது. வீட்டில் உள்ள தானியமும் பருப்பும் வயிறார உண்டால் புரதத் தேவையின் பெரும்பகுதி அதனாலேயே நிறையும் என்பது அவர் வாதம். தொலைநாட்டுப் பொடியை நாடிய உலகத்தின் பார்வையை அவர் வீட்டுச் சோற்றுப் பானையின் பக்கம் திருப்பினார். 2019-இல் தம் நூறாவது வயதில் அவர் மறைந்தார்.

இதே கருத்து தமிழகத்தில் ஒரு திட்டமாகவும் உருப்பெற்றது. உலக வங்கியின் உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980-இல் மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்துப் பார்த்தனர். எடை ஏறாத குழந்தைக்குச் சத்துருண்டை கொடுத்தனர்; எடை ஏறியதும் நிறுத்தித் தாய்க்கு வழிகாட்டினர். எவ்வளவு ஊட்டுவது என்ற கேள்விக்கு, குழந்தையின் எடையே விடை கூறட்டும் என்பது அத்திட்டத்தின் நெறி.

கஞ்சியைப் பற்றியும் ஓர் உண்மை வெளிப்பட்டது. மாவைக் கொதிக்க வைத்தால் அது நீரை உறிஞ்சிப் பருக்கிறது. குழந்தை விழுங்கும் வண்ணம் மேலும் நீர் ஊற்றினால், சிறு வயிறு நீரால் நிறையும், சத்து சேராது. 1980-களில் மைசூர் நிலையத்தார் முளைகட்டிய கேழ்வரகும் பாசிப்பயறும் கொண்டு குழந்தை உணவு செய்தனர். பரோடாவில் தாரா கோபால்தாஸ், கெட்டியான கஞ்சியில் சிறிதளவு முளைமாவைச் சேர்த்தால் அது தானே இளகிவிடும் என்பதை எடுத்துக்காட்டினார். முளைக்கும் தானியத்தில் உண்டாகும் நொதி, மாவுப் பொருளை உடைத்து இளக்குகிறது. கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைத்து, துணியில் சலித்துக் கூழ் காய்ச்சிய தாய்மார்க்கு நொதியின் பெயர் தெரியாது. அதன் பயன் தெரிந்திருந்தது.

மீண்டும் ஆறு

பால்மாவு விளம்பரங்களுக்கு எதிரான குரல் 1970-களில் உலகெங்கும் வலுத்தது. 1981 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்தது அமெரிக்கா ஒன்றே. அதனைத் தழுவி இந்தியா 1992-இல் சட்டம் இயற்றியது. பால்மாவு, பாலூட்டும் புட்டி, குழந்தை உணவு ஆகியவற்றின் விளம்பரத்தை அது கட்டுப்படுத்துகிறது.

அச்சட்டத்தின் ஒரு சொல் நம் வரலாற்றுக்கு மிக இன்றியமையாதது. குழந்தை உணவு என்பது நான்கு மாதத்திற்குப் பின் தாய்ப்பாலோடு சேர்த்துத் தரப்படுவது என்றே 1992-இல் அது வரையறுத்தது. அக்காலத்து மருத்துவக் கருத்து நான்கு முதல் ஆறு மாதம் என்பதாக இருந்தது. 2001-இல் உலக சுகாதாரப் பேரவை, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே தருக, அதன்பின் பிற உணவு தொடங்கித் தாய்ப்பாலையும் இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடர்க என அறிவித்தது. 2003-இல் நம் சட்டம் திருத்தப்பட்டு, நான்கு என்பது ஆறு ஆயிற்று. ஓராண்டிலிருந்து சில நாள்கள் வரை அலைக்கழிந்த அந்த எண், சூத்திரங்கள் குறித்த இடத்திற்கே வந்து நின்றது.

காரணங்களும் இன்று தெளிவாகிவிட்டன. முதல் மாதங்களில் நாவில் வைத்ததைக் குழந்தை இயல்பாகவே வெளியே தள்ளும். மாவுப் பொருளைச் செரிக்கும் நொதி கணையத்தில் குறைவாக இருக்கும். ஆறாம் மாதத்தையொட்டித் தலை நிற்கிறது. சாய்த்து வைத்தால் உட்காருகிறது. பெரியோர் உண்பதைப் பார்த்து வாயசைக்கிறது. அதே வேளையில், தாய் வயிற்றிலிருந்து கொண்டுவந்த இரும்புச் சத்தின் இருப்பும் தீரத் தொடங்குகிறது. ஆறு மாதத்திற்கு முன் சோறு தேவையில்லை. ஆறு மாதத்திற்குப் பின் பால் மட்டும் போதாது.

எஞ்சிய கேள்வி

எப்போது என்ற கேள்வி தீர்ந்தது எனில், இனி இடர் இல்லையோ? 2019–21-இல் நடந்த ஐந்தாம் தேசிய குடும்பநல ஆய்வு வேறு கூறுகிறது. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளுள் தாய்ப்பாலோடு திட உணவோ அரைத்திட உணவோ பெற்றவை 45.9 விழுக்காடே. ஆறு முதல் இருபத்து மூன்று மாதக் குழந்தைகளுள் போதிய உணவு பெற்றவை 11.3 விழுக்காடே. விதித்த மாதத்தில் தொடங்கப்படாத குழந்தைகள் பாதிக்கு மேல். தொடங்கியும் போதாத குழந்தைகள் இன்னும் பல. இதனை ஏழ்மை என்னும் ஒரு சொல்லால் மூடிவிட இயலாது. வசதியுள்ள வீட்டிலும் தெளிந்த பருப்பு நீரையும் சோறு வடித்த கஞ்சியையும் உணவெனக் கருதிக் குழந்தைக்குத் தருவோர் உளர்.

நம் போன்ற குடிபெயர்ந்தோர்க்கு மற்றுமோர் இடர் உண்டு. சோறூட்டைக் குலதெய்வக் கோயிலில்தான் செய்ய வேண்டும். அதற்கு விடுப்புக் கிடைக்க வேண்டும். புகைவண்டியில் இடம் கிடைக்க வேண்டும். மாமன் வர வேண்டும். நல்ல நாள் அமைய வேண்டும். இவையனைத்தும் கூடிவரும்போது குழந்தைக்கு எட்டோ ஒன்பதோ மாதம் ஆகிவிடுகிறது. அதுவரை ஊட்டாமல் காத்திருப்பது, சடங்கு எந்த நோக்கத்திற்காகத் தோன்றியதோ அந்த நோக்கத்தையே கெடுப்பதாகும். குல வழக்கப்படி என மனு நூல் விட்ட இடைவெளியில் குழந்தையின் இரண்டு மாதம் விழுந்துவிடலாகாது. விழா காத்திருக்கலாம், வயிறு காத்திராது. ஆறு மாதம் நிறைந்ததும் வீட்டில் ஊட்டத் தொடங்கிவிட்டு, விடுமுறையில் ஊர் சென்று கோயிலில் விழாவை நிறைவு செய்தால் எந்தத் தெய்வமும் சினவாது.

எதை, எவ்வளவு என்பதற்கும் விடை எளிது. ஆறு முதல் எட்டு மாதம் வரை, தாய்ப்பாலுக்கு மேல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கிலோகலோரி தேவை. ஒன்பது முதல் பதினொன்று மாதம் வரை 300. அடுத்த ஆண்டில் 550. முதலில் நாளைக்கு இரண்டு மூன்று வேளை, பின்னர் மூன்று நான்கு வேளை. குழைந்த சோறும் பருப்பும் சேர்த்து மசித்து, ஒரு துளி நெய் விட்டு, கரண்டியைச் சாய்த்தால் உடனே வழிந்தோடாத பதத்தில் ஊட்டலாம். இட்டலி, முளைகட்டிய கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம், பூசணி, கீரை என ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். உண்ணும் வழக்கமுடைய வீட்டில் முட்டையும் மீனும் மசித்த இறைச்சியும் தரலாம். இரும்புச் சத்துக்கு அவை சிறந்தவை. ஓராண்டு வரை உப்பும் சர்க்கரையும் தேவையில்லை. மகனுக்கு ஒரு கிண்ணம், மகளுக்கு ஒரு கிண்ணம் என்ற வேற்றுமையும் தேவையில்லை. கையைக் கழுவி, கிண்ணத்தைக் கழுவி, குழந்தையின் முகம் பார்த்து, அது வாய் திறக்கும் வரை பொறுத்து ஊட்ட வேண்டும். நற்றிணைச் செவிலியர் கையில் வைத்திருந்த கோல் நமக்கு வேண்டாம்.

வேற்று மண்ணில் பிறக்கும் நம் குழந்தைகள் நாளை எம்மொழியில் பேசி, எத்தொழில் செய்து, எவ்வூரில் வாழ்வார்களோ, நாம் அறியோம். ஆனால் அவர்கள் நாவில் நம் வீட்டுச் சோற்றின் சுவை படிவது அந்தச் சில மாதங்களிலேதான். அனுபவமுள்ள மூதாட்டியர் நம் சங்கங்களில் பலர் உளர். கைக்குழந்தையோடு தனித்திருக்கும் இளந்தாயரும் உளர். முன்னவர் பின்னவர் வீட்டுக் கதவை ஒரு மாலை சென்று தட்டுவார்களாயின், ஊரில் விட்டுவந்த பாட்டியின் இடம் வெறுமையாக இராது. குழந்தையின் சிறு கை கிண்ணத்தில் விழுந்து சோற்றைச் சிதறட்டும். சிதறியது போக வயிற்றுக்குள் சென்றது எவ்வளவு என்பதை மட்டும் நாள்தோறும் நாம் கருத்தில் வைப்போமாக.